லெவல் 2 ஓட்டுநர் உதவி: 14 மாதம், 23,000 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு

தாம்பரத்தில் வசிக்கும் நான், திருச்சியில் இருக்கும் பெற்றோரைப் பார்ப்பதற்காக மாதம் இருமுறை காரில் போய்வருகிறேன். ஒருவழிப் பயணம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர். பெரும்பகுதி நான்குவழிச் சாலை. இந்தப் பயணக் களைப்பைக் குறைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான், பழைய காரை விற்றுவிட்டு, லெவல் 2 ஓட்டுநர் உதவி வசதி கொண்ட ஒரு எஸ்.யூ.வி.யை வாங்கினேன். இப்போது 14 மாதங்கள் ஆகின்றன. ஓடோமீட்டர் 23,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வண்டியின் பெயரையும் தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை ஒரு கேமராவையும் ஒரு ரேடாரையும் நம்பி இயங்கும் இவ்வகை வசதிகள் பலவற்றுக்கும் பொதுவானவை. மைலேஜ், இருக்கை, பூட் இடம் ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் எழுதுவது ஓட்டுநர் உதவியைப் பற்றி மட்டுமே.

முன்கண்ணாடியில், உட்புறக் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு கேமரா இருக்கிறது. முன்பம்பருக்குப் பின்னால் 77 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ரேடார் ஒன்று. பின்பம்பரின் இரு மூலைகளிலும் சிறிய ரேடார்கள் உள்ளன. இவற்றைக் கொண்டு வண்டி நான்கு முக்கியமான வேலைகளைச் செய்கிறது: முன்னால் போகும் வாகனத்தோடு இடைவெளி விட்டுத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைப்பது (க்ரூஸ்), லேனின் நடுவில் ஸ்டீயரிங்கைப் பிடித்துவைப்பது (லேன் உதவி), மோதல் நேரப்போகிறது என்று தெரிந்தால் தானே பிரேக் போடுவது, பக்கக் கண்ணாடியில் தெரியாத இடத்தில் (பிளைண்ட் ஸ்பாட்) வண்டி வந்தால் எச்சரிப்பது. இவற்றில் முதல் இரண்டும் சேர்ந்து இயங்குவதைத்தான் லெவல் 2 என்கிறார்கள். அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் 2014இல் வகுத்த தரவரிசையில், சுழியம் முதல் 5 வரையுள்ள படிகளில் இது மூன்றாவது படி. இந்தப் படியில் சாலையைக் கவனிக்கும் பொறுப்பு முழுவதும் மனிதருடையது. வண்டி கைகொடுக்கும், ஓட்டுவது நாம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நல்லது உண்மையாகவே இருக்கிறது. ஞாயிறு இரவு ஊரிலிருந்து திரும்பும் கூட்டம் பரனூர் டோல்கேட்டில் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை ஊர்ந்துகொண்டிருக்கும்போது, கிளட்ச், பிரேக் என்று கால் ஓயாமல் வேலை செய்த பழைய நாள்களை நினைத்தால், முன்வண்டி நின்றால் நின்று, நகர்ந்தால் நகரும் இந்த வசதி பெரிய ஆறுதல். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தானியங்கி அவசர பிரேக் ஒருமுறை என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. குரோம்பேட்டையில் முன்னால் போன ஆட்டோ, கைகாட்டிய பயணிக்காகச் சட்டென்று நின்றபோது, நான் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கால் பிரேக்கைத் தொடுவதற்கு முன் வண்டி பிடித்துவிட்டது. முன்னால் போகும் வாகனத்தின் பின்புறம் மோதும் விபத்துகளை இந்த பிரேக் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கிறது என்று அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கண்டறிந்திருக்கிறது. பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் நன்று. நம் ஊரில் இடப்புறமாகப் புகுந்து முந்தும் பைக்குகள் எத்தனை என்பதை அந்த மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன்.

இனி, இந்த மதிப்புரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

வாங்கிய முதல் மாதம் நான் மிகுந்த எச்சரிக்கையோடு இருந்தேன். லேன் உதவி ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பும்போதெல்லாம் என் கை அதோடு மல்லுக்கு நின்றது. மூன்றாம் மாதம் கை தளர்ந்தது. ஐந்தாம் மாதம், மேல்மருவத்தூரைத் தாண்டியதும் இரண்டு வசதிகளையும் போட்டுவிட்டு, பாட்டு மாற்றுவது, மேப்பைப் பெரிதாக்கிப் பார்ப்பது, பின்னிருக்கையில் இருக்கும் மகனிடம் திரும்பிப் பேசுவது எல்லாம் வழக்கமாகிவிட்டன. இதில் எதுவும் நான் முடிவெடுத்துச் செய்ததல்ல. ஒவ்வொரு பயணத்திலும் வண்டி தவறில்லாமல் நடந்துகொண்டது. ஒவ்வொரு தவறில்லாத பயணமும் என் கவனத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போயிற்று.

இதை முதலில் கண்டுபிடித்தவர் என் மாமனார். அரசுப் பேருந்தில் 31 ஆண்டுகள் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருமுறை என் பக்கத்தில் உட்கார்ந்து திருச்சி வரை வந்தார். பெரம்பலூர் தாண்டும் வரை எதுவும் பேசவில்லை. பிறகு, "மாப்ள, நீங்க ரோட்டப் பாக்கல, மீட்டரப் பாக்குறீங்க" என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. லேன் உதவி இயங்கும்போது மீட்டரில் ஒரு பச்சை ஸ்டீயரிங் படம் எரியும். கோடு தெரியாவிட்டால் சாம்பல் நிறமாகிவிடும். நான் சாலையைப் பார்ப்பதற்குப் பதிலாக, அந்தப் படம் பச்சையாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநராக இருந்த நான், ஓட்டுகிற ஒன்றை மேற்பார்வை செய்பவனாக மாறியிருந்தேன். அந்த வேலையையும் சரியாகச் செய்யவில்லை.

அவர் எச்சரித்தும் நான் உடனே திருந்தவில்லை. பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை, விடியற்காலை ஐந்து மணிக்கு முன், விழுப்புரத்தைக் கடந்து விக்கிரவாண்டியை நெருங்கிக்கொண்டிருந்தேன். லேசான பனி. க்ரூஸை 95இல் வைத்திருந்தேன். முன்னால் ஒரு ஆம்னி பஸ் ஏறத்தாழ 80இல் போனதால் வண்டியும் அதன் பின்னால் 80இல் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அந்த பஸ் வலது லேனுக்கு ஒடித்துப் போயிற்று. அது விட்டுச்சென்ற இடத்தில், அச்சு முறிந்தோ டயர் வெடித்தோ, கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று விளக்கே இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் பருவத்தில் அந்தப் பகுதியில் கரும்பு வண்டிகள் சாதாரணக் காட்சி.

என் வண்டி அப்போது செய்தது என்னவென்றால், வேகத்தைக் கூட்டியது. முன்னால் இருந்த பஸ் விலகிவிட்டது, பாதை காலி, ஓட்டுநர் கேட்ட 95க்குப் போகலாம் என்பது அதன் கணக்கு. எஞ்சின் சத்தம் ஏறுவதைக் கேட்டேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கவே ஒன்றரை, இரண்டு நொடி ஆகியிருக்கும். மணிக்கு 85 கிலோமீட்டரில் இரண்டு நொடி என்பது 47 மீட்டர். பிரேக்கை முழு பலத்தோடு மிதித்து இடப்பக்க ஓரத்துக்கு ஒடித்தேன். கரும்புத் தோகை வலப்பக்கக் கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று. மோதல் எச்சரிக்கை ஒலித்தது நான் மிதித்த பிறகு. வண்டி நின்றதும் இறங்கி நடந்து பார்த்தபோது, டிரெய்லருக்கு முப்பது நாற்பது மீட்டர் பின்னால், வரிசையாகக் கற்களும் அவற்றின்மேல் வேப்பங்கிளைகளும் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். சில கிளைகள் பஸ் சக்கரத்தில் நசுங்கியிருந்தன.

அந்த வேப்பங்கிளையைப் பற்றி நான் பலநாள் யோசித்தேன். சாலையில் பச்சைக் கிளை கிடந்தால் முன்னால் பழுதான வண்டி நிற்கிறது என்று பொருள். இது நம் சாலைகளில் எழுதாத சட்டம். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டரைப் போட்டால் அவர் திரும்பப்போகிறாரா அல்லது முந்திக்கொள்ளச் சொல்கிறாரா என்பதை அந்த இடத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறோம். எதிரே வருபவர் ஹெட்லைட்டை அடித்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. பஸ் அப்படி ஒடித்தபோது, என் மாமனாராக இருந்திருந்தால், டிரெய்லரைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கால் பிரேக்கின் மீது இருந்திருக்கும். இந்த மொழி எதுவும் கேமராவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கையேட்டை எடுத்துப் படித்தேன். அசையாமல் நிற்கும் வாகனங்களை, குறிப்பாக முன்வாகனம் லேன் மாறியபின் வெளிப்படும் வாகனங்களை, இந்த அமைப்பு கண்டறியாமல் போகலாம் என்று அதில் தெளிவாகவே அச்சிட்டிருந்தார்கள். காரணமும் விளங்கிக்கொள்ளக் கூடியதே. ரேடார் அலைகள் பாலம், பெயர்ப்பலகை, தடுப்புக் கம்பி என்று அசையாத எல்லாவற்றிலும் பட்டுத் திரும்புகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டவே முடியாது. ஆகவே வேகமாகப் போகும்போது அசையாப் பொருள்களின் எதிரொலிகளில் பெரும்பகுதியை அமைப்பு தள்ளிவிடுகிறது. நின்றுகொண்டிருக்கும் லாரியும் சில நேரங்களில் அந்தக் குவியலோடு சேர்ந்து போய்விடுகிறது.

இது என் வண்டியில் மட்டும் நடந்த அபூர்வ நிகழ்வு அல்ல என்பதை அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணைகளைப் படித்தபோது அறிந்தேன். 2018 மார்ச் 23 அன்று கலிபோர்னியாவின் மவுன்டன் வியூ நகரில், ஆட்டோபைலட் என்ற ஓட்டுநர் உதவி இயங்கிக்கொண்டிருந்த டெஸ்லா மாடல் எக்ஸ் கார் ஒன்று, இரண்டு சாலைகள் பிரியும் இடத்துக்குள் புகுந்து கான்கிரீட் தடுப்பின் முனையில் மோதியது, ஓட்டுநர் இறந்தார். கடைசி மூன்று நொடிகளில், முன்னால் பின்தொடர வாகனம் இல்லாததால், அந்தக் கார் மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டரிலிருந்து 114 கிலோமீட்டருக்கு வேகம் கூட்டியிருந்தது. கடைசி ஆறு நொடிகளில் ஸ்டீயரிங்கில் ஓட்டுநரின் கை பதிவாகவில்லை. அவர் மொபைல் விளையாட்டில் கவனமாக இருந்திருக்க வேண்டும் என்று வாரியம் முடிவுக்கு வந்தது. இந்த விவரத்தைப் படித்தபோது எனக்கு விக்கிரவாண்டியில் ஏறிய எஞ்சின் சத்தம் காதில் கேட்டது. இறந்தவர் மென்பொருள் பொறியாளர். அதே இடத்தில் வண்டி பக்கவாட்டில் இழுக்கிறது என்று முன்பே வீட்டாரிடம் சொல்லியிருந்தவர். குறையை அறிந்திருப்பது மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேதனையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அதே மாதம் 18ஆம் தேதி இரவு, அரிசோனாவின் டெம்பே நகரில், உபர் நிறுவனம் சோதித்துக்கொண்டிருந்த தானோட்டிக் கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் மீது மோதி அவரைக் கொன்றது. மோதுவதற்கு 5.6 நொடிகளுக்கு முன்பே உணரிகள் அவரைக் கண்டுவிட்டன. ஆனால் மென்பொருள் அவரை ஒருமுறை வாகனம் என்றும், ஒருமுறை அடையாளம் தெரியாத பொருள் என்றும், ஒருமுறை சைக்கிள் என்றும் மாற்றி மாற்றி வகைப்படுத்திக்கொண்டிருந்தது. நடைபாதைக் கோடு இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதே அதன் வடிவமைப்பில் இடம்பெறவில்லை. வண்டியோடு வந்திருந்த அவசர பிரேக்கும், உபரின் அமைப்பு ஓட்டும்போது அணைக்கப்பட்டிருந்தது. கண்காணிக்க உட்காரவைக்கப்பட்டிருந்தவர் மொபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பு இரண்டு பேரை உட்காரவைத்த நிறுவனம், அதற்குச் சில மாதங்களுக்கு முன் அதை ஒருவராகக் குறைத்திருந்தது. கோடு இல்லாத இடத்தில் யாரும் சாலையைக் கடக்கமாட்டார்கள் என்ற எண்ணத்தோடு ஒரு வண்டி சமயபுரம் பாதயாத்திரைக் காலத்தில் நம் நெடுஞ்சாலையில் ஓடினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது.

கண்காணிப்பவரின் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் ஒன்றும் நடக்காததை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருப்பது மனிதரால் முடியாத வேலை என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் குறிகளைத் தவறவிடுவதைக் கண்டு, பிரிட்டனின் நார்மன் மேக்வொர்த் கடிகார முள் ஒன்றை வைத்துச் சோதனை நடத்தினார். பயிற்சி பெற்றவர்களே முதல் அரை மணி நேரத்துக்குப் பிறகு குறிகளைக் கூடுதலாகத் தவறவிட்டார்கள் என்று 1948இல் வெளியிட்டார். தாம்பரத்தில் ஏறியவருக்கு, போக்குவரத்து இல்லாத நாளில், அரை மணி நேரம் செங்கல்பட்டைத் தாண்டுவதற்கே சரியாக இருக்கும். அதன் பிறகும் இன்னும் 280 கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது.

அப்படியானால் ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று வண்டிதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த இடத்தில் என் வண்டிக்கு நான் மிகக் குறைந்த மதிப்பெண்ணே தருவேன். இதில் கண்ணைக் கவனிக்கும் கேமரா இல்லை. ஸ்டீயரிங்கில் கையின் அழுத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. காலியான நேர்ச்சாலையில் பார்த்தபோது, கையை எடுத்தால் பதினைந்து நொடிக்குப் பிறகு திரையில் ஒரு செய்தி, மேலும் சிறிது நேரத்துக்குப் பிறகு மணியோசை, பிறகு லேன் உதவி தானாக அணைந்துவிடுகிறது. வேகம் குறைவதில்லை, க்ரூஸ் அப்படியே ஓடுகிறது. ஒரு விரலை ஸ்டீயரிங்கில் தொங்கவிட்டாலே இத்தனையும் நடக்காது. என் நண்பர் ஒருவர் தண்ணீர் பாட்டிலைச் செருகி வைக்கிறார். நான் மேலே சொன்ன நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2024 மார்ச்சில் இதே விஷயத்தை 14 அமைப்புகளில் சோதித்தது. 11 அமைப்புகள் மிக மோசம் என்ற தரத்தைப் பெற்றன, ஒன்றே ஒன்றுதான் ஏற்கத்தக்கது என்ற தரத்தை எட்டியது. டெஸ்லா நிறுவனமும் இந்தக் கண்காணிப்பு போதவில்லை என்பதற்காக 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களுக்கு மென்பொருள் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதசாரிகளுக்கான தானியங்கி பிரேக், அவர்கள் மீது மோதும் விபத்துகளை 27 சதவீதம் குறைக்கிறது என்று அந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2022இல் கண்டறிந்தது; ஆனால் தெருவிளக்கு இல்லாத இருட்டில் எந்தப் பயனும் தெரியவில்லை. உளுந்தூர்பேட்டைக்கும் பெரம்பலூருக்கும் இடையில் ஊர்களைத் தாண்டிவிட்டால் எத்தனை விளக்குகள் இருக்கின்றன என்பது அந்த வழியில் போகிறவர்களுக்குத் தெரியும். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன, 17,884 பேர் இறந்தார்கள் என்று மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அதே ஆண்டு நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். எதிர்த்திசையில் ஓரமாக வரும் டி.வி.எஸ். 50ஐ என் வண்டி ஒருமுறைகூட நம்பகமாக அடையாளம் கண்டதில்லை. சாலைப்பணிக்காகப் பாதையை மாற்றி விட்டிருக்கும் இடங்களில் பழைய வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டை நோக்கித் திருப்பிய அனுபவம் மூன்று முறை நேர்ந்திருக்கிறது.

சர்வீஸைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். லாரியிலிருந்து தெறித்த ஜல்லி பட்டு முன்கண்ணாடி விரிசல் விட்டது. காப்பீட்டில் மாற்றித் தந்தார்கள். கண்ணாடியை மாற்றினால் கேமராவை மீண்டும் காலிபரேட் செய்ய வேண்டும். இல்லையென்றால் அது சாலையைச் சற்றே கோணலாகப் பார்க்கும். எனக்கு வண்டியைத் திருப்பித் தந்தபோது அதைச் செய்திருக்கவில்லை. யாரும் அதைப்பற்றிச் சொல்லவும் இல்லை. இரண்டு நாள் லேன் உதவி இடப்புறக் கோட்டை ஒட்டியே ஓடியதைக் கண்டு நானே திரும்பப் போய்க் கேட்ட பிறகுதான் செய்தார்கள். கண்ணாடி மாற்றுகிறவர்கள் பில்லில் காலிபரேஷன் என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சாவியை வாங்குங்கள்.

என் வருத்தம் எல்லாவற்றிலும் பெரியது ஷோரூமில் தொடங்கியது. டெஸ்ட் டிரைவின்போது பக்கத்தில் இருந்த இளைஞர், ஈ.சி.ஆரில் என்னை ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுக்கச் சொன்னார். "வண்டியே பாத்துக்கும் சார், நீங்க ரிலாக்ஸா உக்காரலாம்" என்றார். அவரை நான் குறைசொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் சொல்லித்தந்திருக்கிறார்கள். ஆனால் கையேட்டில் அச்சிட்ட எச்சரிக்கைக்கும் வாயால் சொல்லி விற்ற வாக்குறுதிக்கும் இடையில் இருக்கும் இந்தத் தூரத்தில்தான் உயிர்கள் போகின்றன. சீனாவில் 2025 மார்ச் மாத இறுதியில், நெடுஞ்சாலையில் ஓட்டுநர் உதவியோடு போன ஷாவ்மி எஸ்.யூ.7 கார் சாலைப்பணி நடந்த இடத்தில் மோதி மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே, இத்தகைய வசதிகளைத் தானோட்டி என்று விளம்பரம் செய்யக்கூடாது என்று அந்நாட்டு அரசு நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அப்படியொரு கட்டுப்பாடு நமக்கும் வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் வேமோ நிறுவனத்தின் ஆளில்லா டாக்சிகள் ஓடுகின்றனவே, இதுவும் அதுபோன்றதுதானே என்று சிலர் என்னிடம் கேட்டார்கள். அது வேறு. அங்கே பயணி பின்னிருக்கையில் இருக்கிறார். அவரிடமிருந்து யாரும் கவனத்தை எதிர்பார்ப்பதில்லை. அதன் பாதுகாப்பை அதற்குரிய அளவுகோலால் அளக்கலாம். நம் வண்டிகளோ ஓட்டுநரிடமிருந்து வேலையை வாங்கிக்கொண்டு பொறுப்பை மட்டும் விட்டுவைக்கின்றன.

இப்போது நான் பயன்படுத்தும் விதம் இது. அவசர பிரேக்கும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் எப்போதும் இயங்குகின்றன. நெரிசலில் க்ரூஸ் போடுகிறேன். நெடுஞ்சாலையில் பகலில் மட்டும், முன்வாகனத்தோடு ஆகக்கூடிய இடைவெளி வைத்து, கால் பிரேக்கின் அருகிலேயே இருக்கும்படி ஓட்டுகிறேன். முன்வண்டி லேன் மாறினால் உடனே க்ரூஸை அணைத்துவிடுகிறேன். இது இப்போது அனிச்சையாகிவிட்டது. லேனின் நடுவில் பிடித்துவைக்கும் வசதியை அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு போட்டதே இல்லை. பயணம் அரை மணி நேரம் கூடியிருக்கிறது, விக்கிரவாண்டியில் கட்டாயம் நிறுத்தி டீ குடிக்கிறேன்.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அவசர பிரேக்குக்காக வாங்குங்கள், ஸ்டீயரிங்கை விடுவதற்காக வாங்காதீர்கள். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த மாடலில் அவசர பிரேக் மட்டும் வேண்டுமென்றால் கிடைக்காது. சன்ரூஃப், பெரிய திரை, காற்றோட்ட இருக்கை, லேன் உதவி எல்லாம் சேர்ந்த உச்ச வகையில்தான் அது வருகிறது. அதற்கும் அடிப்படை வகைக்கும் விலையில் பல லட்சம் வித்தியாசம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கும் ஒவ்வொரு புதிய காரிலும் தானியங்கி அவசர பிரேக் கட்டாயம். என் தம்பி சென்ற மாதம் இதே வண்டியின் அடிப்படை வகையை வாங்கினான். அவன் குடும்பமும் இதே சாலையில்தான் திருச்சிக்குப் போகிறது, அந்த பிரேக் இல்லாமல்.